தரையில் தீர்மானிக்கப்பட்ட ஒளி: பறக்கும் கேமராவின் வரலாறும் பாறசாலையின் புதிய ட்ரோன் இயக்குநர்களும்

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 66-இன் இருபுறமும் உள்ள நிலத்தை மேலிருந்து படம்பிடிப்பது எளிதன்று. தென்னையும் ரப்பரும் செறிந்த தோப்புகள் ஒளியை விழுங்குகின்றன. அவற்றின் நடுவே வெள்ளையடித்த தேவாலய முகப்புகளும், தகரக் கூரைகளும், குளங்களும் ஒளியை அப்படியே திருப்பி அடிக்கின்றன. இருளுக்கு ஏற்பக் கேமராவை அமைத்தால் கூரைகள் வெளிறிப் போகும். கூரைக்கு ஏற்ப அமைத்தால் தோப்பு கரும்பரப்பாகும். இதே நிலத்தில் வீடும் வீடும் தோட்டத்தால் மட்டுமே பிரிக்கப்பட்டு நெருங்கி நிற்கின்றன. ஆகவே வானிலிருந்து ஏதேனும் விழுந்தால் அது வெற்றிடத்தில் விழும் என்ற உறுதி இங்கு இல்லை. நூறு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள், காற்றுத் தடையைக் கணக்கில் கொள்ளாவிடில், நொடிக்கு ஏறத்தாழ 44 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். காற்றுத் தடை அவ்வேகத்தைக் குறைத்தாலும், கால் கிலோ எடையுள்ள கருவி தலையில் விழுந்தால் காயம் உறுதி.

ட்ரோன் இயக்கத் தொடங்கும் ஒருவர் இவ்விரண்டு சிக்கல்களையும் ஒரே நேரத்தில் சந்திக்கிறார். ஒளி சரியில்லை என்று திரையைப் பார்த்து ஷட்டர் வேகத்தை மாற்றும் அதே நொடிகளில் கருவி தென்னங்கீற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கலாம். பயிற்சிக் குறிப்புகள் பலவும் கேமரா அமைப்பை ஒரு பாடமாகவும், பாதுகாப்பான பறத்தலை மற்றொரு பாடமாகவும் பிரித்து வைக்கின்றன. வானிலிருந்து படமெடுத்தலின் வரலாறோ இவ்விரண்டும் தொடக்கம் முதலே ஒரே சிக்கலின் இரு கூறுகளாக இருந்தமையைக் காட்டுகிறது. அச்சிக்கலுக்கு முன்னோர் கண்ட தீர்வுகளும் இரண்டே: ஒளியைத் தரையிலேயே தீர்மானித்துவிடுதல், அல்லது பறப்பவரையும் படமெடுப்பவரையும் வெவ்வேறு ஆட்களாகப் பிரித்தல்.

1858-இல் பாரிஸ் புகைப்படக்காரர் நதார், கயிற்றால் கட்டப்பட்ட பலூனில் ஏறி பியெவ்ர் பள்ளத்தாக்கைப் படமெடுக்க முயன்றார். ஈரக் கொலோடியன் தட்டைப் பலூனின் கூடையிலேயே தயாரித்து, அங்கேயே ஒளிபடச் செய்து, அங்கேயே உருத்துலக்க வேண்டியிருந்தது. தட்டுகள் மீண்டும் மீண்டும் கறுத்தே வந்தன. பலூனை நிரப்பியிருந்த விளக்கெரிவாயுவில் கலந்திருந்த கந்தக ஹைட்ரஜன், பலூனின் வாய்வழி கசிந்து தட்டிலிருந்த வெள்ளி உப்பைக் கெடுத்ததே காரணம். வாயு விரிவடையும்போது அழுத்தம் வெளியேறுவதற்கான பாதுகாப்பு வழியும் அந்த வாய்தான். அதை மூடிவிட்டு ஏறியபோதுதான் நதாருக்குப் படம் கிடைத்தது. வானிலிருந்து எடுக்கப்பட்ட முதல் படமே பாதுகாப்பில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துப் பெற்ற படம் எனலாம்.

அடுத்த தலைமுறையினர் மனிதரைத் தரையில் நிறுத்திக் கேமராவை மட்டும் மேலே அனுப்பினர். 1888-இல் தென் பிரான்சின் லாப்ருகியேர் ஊரில் ஆர்தர் பத்யூ காற்றாடியில் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டார். ஷட்டரை இயக்கியது மெதுவாக எரியும் ஒரு திரி. திரி எரிந்து முடியும் நேரம், துளையின் அளவு, ஷட்டரின் வேகம் ஆகிய அனைத்தையும் காற்றாடி எழுவதற்கு முன்பே அவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. சிகாகோவின் ஜார்ஜ் லாரன்ஸ் இப்பாதைக்கு வந்த விதம் இன்னும் வெளிப்படையானது. 1901-இல் பலூனிலிருந்து படமெடுக்கையில் அவர் 200 அடிக்கு மேலிருந்து விழுந்தார். தொலைபேசிக் கம்பிகள் தடுத்ததால் உயிர் பிழைத்தார். அதன்பின் ஆளேறும் பலூனை விட்டுக் காற்றாடிகளுக்கு மாறினார். 1906-இல் நிலநடுக்கத்தாலும் தீயாலும் அழிந்த சான் பிரான்சிஸ்கோ நகரை, தொடராகப் பிணைத்த காற்றாடிகள் தூக்கிய ஏறத்தாழ 22 கிலோ எடையுள்ள கேமராவால் 2,000 அடி உயரத்திலிருந்து பதிவு செய்தார். தரையிலிருந்து கம்பிவழிச் செலுத்திய மின்சாரம் ஷட்டரைத் திறந்தது. எப்போது எடுப்பது என்பது மட்டுமே அவர் கையில் எஞ்சியிருந்தது. எவ்வளவு ஒளி என்பது கேமரா மேலெழும் முன்பே முடிந்துபோன செய்தி.

ஜெர்மனியின் க்ரோன்பெர்க் ஊர் மருந்தாளர் யூலியுஸ் நாய்ப்ரோன்னர் 1907-இல் காப்புரிமை கோரிய புறாக் கேமராவும் இவ்வகையைச் சேர்ந்ததே. காற்றழுத்தத்தால் இயங்கும் நேரக் கருவி ஷட்டரை இயக்கியது. கேமராவைச் சுமந்த புறா, சுமையிலிருந்து விடுபடும் விருப்பால் நேர்வழியில் விரைந்து கூடு திரும்பும். இன்றைய ட்ரோன்களில் உள்ள தானே வீடு திரும்பும் ஏற்பாட்டை ஒத்த ஒன்றை அவர் புறாவின் இயல்பிலிருந்தே பெற்றார்.

மனிதர் மீண்டும் கேமராவுடன் வானேறியது முதல் உலகப் போரில். 1915-இல் பிரிட்டன் படையினர் பயன்படுத்திய ‘ஏ’ வகைக் கேமராவைப் பார்வையாளர் விமானத்தின் பக்கவாட்டில் கையால் பிடித்து இயக்கினார். மற்றவர் விமானத்தைச் செலுத்தினார். முதல் படத்திற்கு 11 செயல்கள், அடுத்த ஒவ்வொரு படத்திற்கும் 10 செயல்கள் எனத் தடித்த கையுறையுடனோ விறைத்த விரல்களாலோ செய்ய வேண்டியிருந்தது. அதே ஆண்டிலேயே தட்டு மாற்றுதலைப் பாதி தானியங்கியாக்கிய ‘சி’ வகை வந்தது. வானில் செய்ய வேண்டிய செயல்களைக் குறைப்பதே கேமரா வடிவமைப்பின் இலக்காயிற்று. கவனம் வரம்புக்குட்பட்ட வளம் என்பதைப் போர்க்களம் விரைவாகவே கற்பித்துவிட்டது.

இவ்வரலாற்றின் இரு முக்கிய நிகழ்வுகள் பாறசாலைக்கு அருகில் நடந்தன. முதலாவது தும்பா. 1963 நவம்பர் 21-இல் அங்கிருந்து ஏவப்பட்ட நைக்கி-அப்பாச்சி ராக்கெட் மேல்வளிமண்டலத்தில் சோடிய ஆவியை வெளியிட்டது. அந்த ஆரஞ்சு நிற மேகம் நகரும் விதத்தைத் தரையில் வெவ்வேறு இடங்களில் வைத்த கேமராக்களால் பதிவு செய்து உயர்வெளிக் காற்றின் திசையையும் வேகத்தையும் கணிப்பது ஆய்வின் நோக்கம். ஏவுதலுக்கு அந்திப்பொழுது தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் ஒளிபடல்தான். தரையில் இருள் பரவியிருக்க வேண்டும். மிக உயரத்திலுள்ள மேகத்தின் மீது மட்டும் கதிரவனின் ஒளி இன்னும் விழ வேண்டும். அப்போதுதான் கேமராவின் துளையை நீண்ட நேரம் திறந்து வைத்தாலும் வானப் பின்னணி படத்தைக் கெடுக்காது. நாளும் பொழுதும் குறிக்கும் கட்டத்திலேயே ஒளியளவும் குறிக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவது காயங்குளம். கேரளத் தென்னையை வாட்டிய வேர்வாடல் நோயைக் கண்டறிய 1970-இல் பிஷாரத் ராம பிஷாரடி தலைமையில் நடந்த ஆய்வு, இந்தியத் தொலையுணர்வின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. ஹெலிகாப்டரிலிருந்து ஹாசல்பிளாட் கேமராவில் அகச்சிவப்பு வண்ணப் படச்சுருளைக் கொண்டு தென்னந்தோப்புகள் படமெடுக்கப்பட்டன. நலமான இலை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்புவதால் அப்படச்சுருளில் ஒளிர்சிவப்பாகத் தோன்றும். நோயுற்ற மரத்தில் அச்சிவப்பு மங்கும். கண்ணுக்கு நோய் புலப்படும் முன்பே படத்தில் புலப்பட வாய்ப்புண்டு. இத்தகைய படச்சுருள் ஒளியளவில் சிறு பிழையையும் பொறுக்காது. வழக்கமான ஒளிமானி கண்ணுக்குத் தெரியும் ஒளியை அளக்கவே அமைந்தது. அகச்சிவப்பின் அளவை அது சொல்லாது. ஒளிபடல் தவறினால் நலமான மரமும் நோயுற்றதுபோல் மங்கித் தோன்றும். இங்குப் பிழையான ஒளிபடல் அழகுக் குறைவாக நில்லாமல், பிழையான முடிவாக மாறும். ஹெலிகாப்டரில் விமானியின் வேலை வேறு, கேமராவின் வேலை வேறு என்பதால் இந்நுணுக்கத்திற்கு உரிய கவனம் வாய்த்தது.

தமிழில் ட்ரோனுக்கு வழங்கும் ‘ஆளில்லா விமானம்’ என்னும் தொடர் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. ஆள் இல்லை என்பது விமானத்தைப் பொறுத்தவரை உண்மை. பறத்தலைப் பொறுத்தவரை ஆள் இருக்கிறார், தரையில் நிற்கிறார். பத்யூவும் லாரன்ஸும் அப்படித்தான் நின்றனர். இன்றைய இயக்குநருக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. கருவி வானிலிருக்கும்போது ஒளியளவை மாற்றும் வசதி அவர்களுக்கு இல்லை, இவருக்கு உண்டு. விமானியும் பார்வையாளரும் பகிர்ந்து செய்த வேலையைத் தனியொருவர் ஒரே திரையில் செய்யும் நிலை இவ்வசதியால் வந்தது. தொடக்கநிலையாளரின் தடுமாற்றம் பலவும் இங்கிருந்தே பிறக்கிறது.

சட்டத்தின் வரலாற்றிலும் கேமராவும் பறத்தலும் பிணைந்தே வந்துள்ளன. 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 13-ஆம் விதி, பறக்கும் விமானத்திலிருந்து அனுமதியின்றிப் புகைப்படம் எடுப்பதைத் தடை செய்தது. ட்ரோன்கள் பரவத் தொடங்கியதும், 2014 அக்டோபர் 7-இல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பொதுமக்கள் அவற்றைப் பறக்கவிடுவதையே நிறுத்திவைத்தது. 2018 டிசம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்த நெறிமுறைகள் கதவைச் சற்றே திறந்தன. 2021 ஆகஸ்ட் 25-இல் வெளியான ட்ரோன் விதிகள் இன்றைய அமைப்பை வகுத்தன. அவற்றின்படி 250 கிராம் வரை நானோ, அதற்குமேல் 2 கிலோ வரை மைக்ரோ. பச்சை மண்டலத்தில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதியின்றிப் பறக்கலாம். இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வட்டத்தில் அவ்வரம்பு 200 அடியாகக் குறைகிறது. திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து பாறசாலை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளதால் இவ்வட்டத்திற்கு வெளியே அமைகிறது.

அதனால் மட்டும் வானம் எப்போதும் திறந்திருக்கிறது என்று கொள்ள இயலாது. காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி, தம் ஆட்சி எல்லைக்குள் ஒரு பகுதியை ஒரு முறைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். பாறசாலை திருவனந்தபுரம் ஊரகக் காவல் மாவட்டத்தில் உள்ளது. களியக்காவிளை கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, திருவிதாங்கூர் தமிழர் இயக்கம் கோரிய நெய்யாற்றின்கரையின் தென்பகுதி கேரளத்திலேயே தங்கியது. அன்று வரைந்த கோடு திரையில் தெரியாது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கும் ட்ரோன் ஒரு கிலோமீட்டரை 100 நொடிகளில் கடந்துவிடும். ஒருபுறத் திருவிழாவையோ தலைவர் வருகையையோ முன்னிட்ட தடையை மறுபுறத்தில் நிற்பவர் அறியாதிருக்க வாய்ப்பு மிகுதி. பறக்கும் நாளன்று, எல்லையின் இருபுறத்தையும் சேர்த்து, டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வான்வெளி வரைபடத்தைப் பார்ப்பது இவ்வூர்களில் தவிர்க்கவியலாத முதற்பணி.

வரலாறு சொல்லும் நெறியை இன்றைய கருவிக்குப் பொருத்தினால் கணக்கு இவ்வாறு அமையும். தெளிவான நண்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 துளை என்றால் ஷட்டர் நொடியின் 100-இல் ஒரு பங்கு என்பது புகைப்படக்காரரின் பழைய வாய்பாடு. சிறிய ட்ரோன்கள் பலவற்றில் துளை மாறாதது. அது எஃப் 2.8 எனில் உள்ளே வரும் ஒளி 32 மடங்கு கூடும். ஷட்டர் 3,200-இல் ஒரு பங்காக வேண்டும். நிலைப்படத்திற்கு அது நன்று. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நகரும் கேமராவில் ஷட்டர் 100-இல் ஒரு பங்கு திறந்திருந்தால், அதற்குள் கருவி 10 செ.மீ. நகர்ந்துவிடும். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 3 செ.மீ. பரப்பைக் காட்டும் உயரமெனில், மூன்று புள்ளிகளுக்கும் மேல் உருவம் இழுபடும். ஷட்டரை 1,000-இல் ஒரு பங்காக்கினால் நகர்வு 1 செ.மீ.தான், உருவம் தெளியும்.

காணொளிக்குக் கணக்கு வேறு. நொடிக்கு 25 சட்டகங்கள் என்றால், அசைவு இயல்பாகத் தோன்ற ஷட்டர் ஏறத்தாழ 50-இல் ஒரு பங்காக இருப்பது மரபு. நண்பகலில் தேவைப்படும் 3,200-க்கும் இதற்கும் 64 மடங்கு இடைவெளி. ஒளியை 64-இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி ஃபில்டர் அவ்வளவையும் ஈடுசெய்யும். அந்தக் கண்ணாடியைத் தரையில்தான் மாட்ட முடியும். வானில் மாற்ற முடியாது. பத்யூ தம் காற்றாடியின் முன் நின்று எடுத்த முடிவையே இக்கண்ணாடி இன்றைய இளைஞரையும் எடுக்க வைக்கிறது.

தானியங்கி ஒளிபடலை நம்பினால் தோப்பிலிருந்து வெள்ளைக் கட்டடத்திற்குத் திரும்பும் நொடியில் படம் துடித்து இருளும். இயக்குநரின் கண்ணும் கையும் உடனே திரைக்குப் போகும். தாழ்வான உயரத்தில், தம் எதிரிலேயே ட்ரோனை நிறுத்தி, காட்சியின் மிக வெளிச்சமான பகுதிக்கு ஏற்ப அளவைக் குறித்துப் பூட்டிவிடுவது பாதுகாப்பு நடவடிக்கையுமாகும். வெயிலில் திரை மங்கித் தெரிவதால் படம் இருண்டிருக்கிறது என்ற மயக்கம் எழும். கண்ணை நம்பாமல் ஹிஸ்டோகிராம் வரைபடத்தை நம்ப வேண்டும். அதன் வலப்புற விளிம்பில் வளைவு முட்டாதிருந்தால் வெள்ளைச் சுவரின் நுணுக்கம் தப்பிவிடும்.

பூட்டியபின் பறத்தல் மட்டுமே எஞ்சும். செயற்கைக்கோள் இணைப்பு நிலைபெற்று, திரும்ப வேண்டிய இடம் பதிவான பின்னரே எழும்ப வேண்டும். திரும்பும் உயரத்தைச் சுற்றுவட்டாரத்தின் மிக உயர்ந்த தடைக்கு மேல் குறிக்க வேண்டும். முதிர்ந்த நெட்டைத் தென்னை 20 மீட்டரைத் தாண்டும். செங்கல் மகேஸ்வரம் சிவபார்வதி கோயிலின் சிவலிங்க வடிவக் கட்டடம் 111 அடி, அதாவது ஏறத்தாழ 34 மீட்டர். கைப்பேசிக் கோபுரங்கள் அதனினும் உயரலாம். தொழிற்சாலையில் அமைத்த எண்ணை அப்படியே விட்டுவைப்பது, இணைப்பு அறுந்த கணத்தில் ட்ரோனைக் கோபுரத்தை நோக்கி அனுப்புவதாக முடியலாம்.

ஒளிக்கும் பாதுகாப்புக்கும் உள்ள உறவின் இறுதிக் கண்ணி ட்ரோனுக்குள்ளேயே இருக்கிறது. தடைகளை உணரவும், தாழ்வான உயரத்தில் அசையாது நிற்கவும் பல ட்ரோன்கள் தம் சிறு துணைக்கேமராக்களைச் சார்ந்துள்ளன. அவற்றுக்கும் போதிய ஒளி வேண்டும். தரையில் அடையாளம் காணத்தக்க கோலங்கள் வேண்டும். அந்தியில் தோப்புக்குள்ளும், குளத்தின் நீர்ப்பரப்பின் மேலும் அவை தடுமாறும். படத்தில் இரைச்சல் கூடுகிறதே என்று இயக்குநர் ஐஎஸ்ஓவைப் பார்த்துக் கவலைப்படும் அதே மங்கலில், கருவியின் பாதுகாப்புக் கண்களும் குருடாகத் தொடங்கியிருக்கும். முதன்மைப் படம் சிதைவது எச்சரிக்கையும் ஆகும். இறங்க வேண்டிய நேரத்தை அது சொல்கிறது.

கேரள அரசின் ‘என்டெ பூமி’ டிஜிட்டல் மறுஅளவீடு 2022 நவம்பர் 1-இல் தொடங்கியது. எல்லை வகுக்கப்பட்ட அதே நவம்பர் முதல் நாள் அது. அவ்வளவீட்டில் திறந்த நிலங்களுக்கு ட்ரோன் பயன்பட்டது. மரம் மூடிய நிலங்களில் அளவையர்கள் ஆர்டிகே கருவியுடனும் டோட்டல் ஸ்டேஷனுடனும் வேலியோரம் நடக்க வேண்டியிருந்தது. தென்னங்கீற்றின் அடியிலுள்ள எல்லைக்கல் எத்தகைய ஒளியமைப்புக்கும் தட்டுப்படாது. எங்கே பறக்கலாகாது என்பதும் தரையிலேயே எடுக்க வேண்டிய முடிவுகளில் ஒன்று என்பதை அத்திட்டம் காட்டுகிறது.

பாறசாலையிலோ உதியன்குளங்கரையிலோ முதன்முறையாக ட்ரோனைக் கையில் எடுக்கும் மாணவருக்கு இவ்வரலாறு தரும் பயன் எளியது. உடன் ஒருவர் இருந்தால் அவரை வானத்தைப் பார்க்கச் சொல்லலாம். 1915-இன் இருவர் முறை அது. தனியாக இருந்தால் முதலில் புகைப்படக்காரராக நின்று ஒளியை முடித்துவிட்டு, பிறகே விமானியாக வேண்டும். வானில் ஒளியை மாற்றத்தான் வேண்டுமென்றால் கருவியைத் திறந்தவெளியின் மேல் நிறுத்திவிட்டு மாற்றலாம். இயன்றால் இறக்கிவிட்டு மாற்றலாம். ஒரு மின்கலத்தின் சில நிமிடங்கள் அதில் கழியும். கீழே முற்றத்தில் நெல் உலர்த்திக்கொண்டிருப்பவருக்கு அந்நிமிடங்களைக் கொடுப்பது பெரிய இழப்பன்று.